உயிர்மருத்துவப் பொறியியல்: ஓர் ஆறுதல் பரிசா?

மே, ஜூன் திங்கள்கள் வந்துவிட்டால் தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களில் ஒரு கவலையும் உடன் வந்துவிடுகிறது. பிளஸ் டூ தேர்வின் முடிவு ஒருபுறம். நீட் தேர்வின் முடிவு மறுபுறம். மகனோ மகளோ கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் வலம் வருவதைக் கண்குளிரக் காணவேண்டும் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்த பெற்றோர், அந்தக் கனவு மதிப்பெண்களின் முன்னே கலைந்துபோன நிலையில், பொறியியல் கலந்தாய்வுக்கான பாடப்பிரிவுப் பட்டியலைக் கையில் எடுக்கின்றனர். அதில் ஒரு பெயர் அவர்தம் கண்களில் படுகிறது. ‘பயோமெடிக்கல் இன்ஜினியரிங்’. ‘மெடிக்கல்’ என்னும் சொல் அதில் இருக்கிறதே! டாக்டராகத்தான் ஆக முடியவில்லை, டாக்டருக்குப் பக்கத்திலாவது நிற்கட்டும் என்று ஆறுதல் அடைந்து, அப்பிரிவிலேயே பிள்ளையைச் சேர்த்துவிடுகின்றனர்.

இளங்கலைப் பட்டமாக உயிர்மருத்துவப் பொறியியல் பயில்வது குறித்து நான் சொல்ல விழைவன யாவும் இந்த ஆறுதலில் இருந்தே தொடங்குகின்றன. இப்பட்டம் மருத்துவப் படிப்பின் பின்வாசல் அன்று. இதனைக் கற்றவர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கப்போவதில்லை. மருந்துச் சீட்டு எழுதப்போவதுமில்லை. இது முழுக்க முழுக்கப் பொறியியல். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடும்போது கணிதத்திற்கு மட்டும் 100 அளிக்கப்படுகிறது. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே மீதி 100. உயிரியலுக்கு அக்கணக்கில் இடமே இல்லை என்பதைப் பெற்றோர் பலர் நோக்குவதில்லை. தாவரவியலையும் விலங்கியலையும் விரும்பிப் படித்த மாணவி, முதலாண்டில் வகையீட்டுச் சமன்பாடுகளையும் மின்சுற்றுகளையும் எதிர்கொண்டு திகைத்து நிற்பதற்குக் காரணம் அவளுடைய அறிவுக்குறை அன்று. பெயரைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்த பெரியவர்களின் அவசரமே ஆகும். இப்படிப்பை உயிரித் தொழில்நுட்பத்தோடு குழப்பிக்கொள்வோரும் உளர். அது உயிரணுக்களின் உலகம். இது கருவிகளின் உலகம்.

அங்ஙனமாயின் இதில் கற்பதுதான் யாது? ஓர் எடுத்துக்காட்டே போதும். ஈ.சி.ஜி. என்னும் இதய மின்வரைபடத்தை அறியாதார் இன்று இலர். இதயம் துடிக்கும்போது தோன்றும் மின்னழுத்தம் நம் தோலின் மேற்பரப்பை அடையும்பொழுது ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்காக நலிந்துவிடுகிறது. நாம் இருக்கும் அறையின் சுவர்களிலோ 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி வீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் உடலே ஓர் ஆண்டெனாவைப் போல் அதனை ஈர்த்துக்கொள்கிறது. சந்தையின் பேரிரைச்சலுக்கு நடுவே ஒரு குழந்தையின் முணுமுணுப்பைச் செவிமடுப்பது போன்றது அந்த நலிந்த இதய ஒலிப்பைப் பிரித்தெடுக்கும் பணி. 1903-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் என்பார் இதனைச் செவ்வனே செய்து காட்டியபோது, அவருடைய கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை இருந்தது. இயக்குவதற்கு ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி அமர்ந்திருத்தல் வேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு மணிக்கட்டுக் கடிகாரமே அப்பணியை ஓரளவு செய்கிறது. 270 கிலோவிலிருந்து மணிக்கட்டிற்கு வந்த அந்த நெடும்பயணமே இப்படிப்பின் பாடத்திட்டம் எனலாம். உடற்கூறும் உடலியங்கியலும் ஒரு பக்கம். மின்னணுவியல், உணர்விகள், குறிகைச் செயலாக்கம், மருத்துவப் படிமவியல் ஆகியன மறுபக்கம். இவற்றினூடே மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு.

இதற்கு வலுவான மறுப்பொன்றும் உண்டு. அதனை மறைத்துவிட்டுப் பேசுதல் அறமாகாது. “இப்படிப்பில் எல்லாம் அரைகுறை, மின்னணுவியல் மாணவன் அளவுக்கு மின்னணுவியலும் வராது, மருத்துவ மாணவன் அளவுக்கு உடலியலும் வராது. முதலில் மின்னணுவியலோ இயந்திரவியலோ ஆழமாகப் படி, முதுகலையில் மருத்துவப் பக்கம் திரும்பிக்கொள்” என்று பேராசிரியர் பலர் அறிவுறுத்துகின்றனர். வரலாறும் அவர்கள் பக்கம் சாய்வது போலவே தோன்றுகிறது. சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கி 1979-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு மின்பொறியாளர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இராமேஸ்வரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் பயின்றது வானூர்திப் பொறியியல். ஏவுகணைக்கென உருவாக்கிய எடை குறைந்த கலப்புப் பொருளை ஐதராபாத்தில் எலும்பியல் மருத்துவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கப்போய், மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட இரும்புத் தாங்கிகளை இழுத்து நடந்த சிறுவர்களுக்கு 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் கிடைத்தன. தம் வாழ்வில் பேரின்பம் அளித்த நிகழ்வாக அவர் பல மேடைகளில் இதனைக் குறிப்பிட்டதுண்டு. இவர்களுள் எவரும் உயிர்மருத்துவப் பொறியியல் பட்டதாரி அல்லர்.

மறுப்பில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. புதுக் கருவியைப் படைத்தவர்களின் பெயர்களை மட்டும் அடுக்கினால் அவ்வாறுதான் தோன்றும். படைக்கப்பட்ட கருவி ஒரு வட்டத் தலைமை மருத்துவமனையின் கட்டிலருகே பத்தாண்டுக் காலம் பிழையின்றி உழைக்க வேண்டுமே, அதனை யார் பார்ப்பது? இங்கேதான் இரண்டையும் சேர்த்துக் கற்றவரின் தேவை புலப்படுகிறது. வீட்டில் மின்சாரம் தாக்கினால் கை உதறிக்கொள்கிறோம். ஆயிரக்கணக்கான மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் தோலின் வழியே பாய்ந்தும் பிழைத்துக்கொள்கிறோம். ஆனால் இதயத்திற்குள் குழாய் செலுத்தப்பட்டிருக்கும் நோயாளிக்கு அந்தத் தோற்காப்பு இல்லை. நூறு மைக்ரோஆம்பியர் அளவே அவருடைய இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கிவிடக் கூடும். ஆதலின் இதயத்தோடு நேரடித் தொடர்புடைய கருவிகளில் இயல்பு நிலையில் கசிவு மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டலாகாது எனப் பன்னாட்டுத் தரநெறி விதித்துள்ளது. எர்த் கம்பி சரியில்லாத ஒரு பழைய கட்டடத்தில், அழகாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் ஒரு மானிட்டர் எமனாக மாறக்கூடும் என்பதை உடலியலும் மின்னியலும் ஒருங்கே கற்றவர் உணர்வார். மின்னியல் மட்டும் கற்றவர்க்கு அது தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்ற மற்றுமொரு பெட்டி.

நம் நாட்டு நிலை என்ன? 2015-ஆம் ஆண்டில் தேசிய நலவாழ்வு இயக்கம் அரசு மருத்துவ நிலையங்களிலுள்ள கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாநிலத்திற்கு மாநிலம் மாறுபட்டு, 13 முதல் 34 விழுக்காடு வரையிலான கருவிகள் இயங்காமல் கிடந்தமை தெரியவந்தது. அதன்பின்னரே கருவிப் பராமரிப்புக்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. மூன்றில் ஒரு கருவி உறங்கிக் கிடக்கும் மாநிலத்தில், பச்சிளங்குழந்தைக்கான இன்குபேட்டரைத் தேடி நகரத்திற்கு ஓடும் தாயிடம் ‘கருவி இருக்கிறது, வேலை செய்யவில்லை’ என்று சொல்லப்படும் விடையின் கொடுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணம் செலவழிந்திருக்கிறது, கருவி வந்து இறங்கியிருக்கிறது, திறப்பு விழாவும் நடந்திருக்கிறது. ஓர் உருகியோ ஓர் உணர்வியோ மாற்றுவதற்கு ஆளில்லை. அல்லது ஆளிருந்தும் உதிரிப்பாகம் கேட்டுக் கடிதம் எழுதுவதற்கு அவருக்கு அதிகாரமில்லை.

‘நான்காண்டு படித்துவிட்டு ரிப்பேர் வேலையா?’ என்னும் இளக்காரம் நம்மிடையே உண்டு. மாணவர்களே இதனைச் சொல்லக் கேட்கிறோம். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பிணவறைக்கும் சலவையறைக்கும் இடையே எங்கோ ஒதுக்கப்பட்டிருக்கும் அந்தப் பராமரிப்பு அறையை நினைத்தாலே அவர்களுக்கு முகம் சுளிக்கிறது. அவர்கள் ஏர்ல் பேக்கன் என்பாரின் வரலாற்றைப் படிப்பது நலம். அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 1949-இல் ஒரு கார்க் கொட்டகையில் அவரும் உறவினர் ஒருவரும் தொடங்கியது மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறு நிறுவனம். பழுதுபார்க்கச் சென்ற இடத்தில் அறுவை மருத்துவர்களோடு பழக்கம் ஏற்பட்டது. அந்நாளில் இதயமுடுக்கி என்பது சுவரிலுள்ள மின்இணைப்பை நம்பியிருந்த பெரும்பெட்டி. 1957 அக்டோபர் இறுதியில் அந்நகரில் மின்தடை ஏற்பட, அக்கருவியை நம்பியிருந்த குழந்தைகளின் உயிர் ஊசலாடிற்று. லில்லிஹை என்னும் அறுவை மருத்துவர் பேக்கனிடம் மாற்று வழி கேட்டார். இசைப் பயிற்சியில் தாளத்தை அளக்கப் பயன்படும் கருவிக்கென ஒரு மின்னணு இதழில் வந்திருந்த சுற்றுப்படம் பேக்கனின் நினைவிற்கு வந்தது. இதயத்திற்கும் வேண்டியது தாளம்தானே! நான்கு வார அளவில், மின்கலத்தால் இயங்கும், உடையோடு அணிந்துகொள்ளத்தக்க சிறு இதயமுடுக்கி உருவாயிற்று. அந்தப் பழுதுபார்ப்பு நிலையமே இன்று உலகறிந்த மெட்ரானிக் நிறுவனம்.

அடுத்த ஆண்டே, 1958 அக்டோபர் 8-ஆம் நாள், சுவீடனில் ஆர்னே லார்சன் என்பாரின் உடலுக்குள்ளேயே ஓர் இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. ரூனே எல்ம்க்விஸ்ட் அதனை உருவாக்கினார். ஓக்கே சென்னிங் அறுவை செய்தார். முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளின் துணையோடு லார்சன் 2001 வரை, தம் 86-ஆம் அகவை வரை வாழ்ந்தார். கருவி செய்தவருக்கும் கத்தி பிடித்தவருக்கும் பின்னர் அவர் காலமானார் என்பது இத்துறையின் இனிய வேடிக்கைகளுள் ஒன்று.

இரவல் கருவியை அப்படியே நம்பிவிடுவதிலுள்ள இடரையும் இங்குச் சுட்டியாக வேண்டும். 2020, 2021 ஆகிய கொரோனா ஆண்டுகளில் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் வீடுகளுக்குள் தெர்மாமீட்டரைப் போல் நுழைந்தது. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலை ஊடுருவும்போது எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு குருதியின் ஆக்சிஜன் செறிவை அது கணக்கிடுகிறது. இதன் அடிப்படையைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோகி, ஆண்டு 1974. வேறொரு அளவீட்டில் நாடித்துடிப்பு இடையூறாகக் குறுக்கிட்டபோது, அவ்விடையூறு தமனிக் குருதியின் அடையாளமாயிற்றே என அதனையே பயனாக்கிக்கொண்டார். அரிய சிந்தனை. எனினும் கருந்தோல் உடையோரிடம் இக்கருவி ஆக்சிஜன் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 1990-லேயே எச்சரிக்கை எழுந்தது. 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறிய நிகழ்வுகள் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. நம் தோல் என்ன நிறம்? எவருடைய விரல்களில் சோதித்த கருவியை நாம் எவருடைய விரல்களில் மாட்டுகிறோம்? இவ்வினாவை எழுப்பவேண்டியவர் யார் என்றால், அது நம் ஊர்ப் பொறியியல் மாணவனும் மாணவியும்தாம். வெளிநாட்டு நிறுவனத்திற்கு அந்த அக்கறை தானாக வந்துவிடாது.

நம்மால் இயலுமா என்று தயங்குவோர் அண்டை மாநிலத்தை நோக்குக. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றிச் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கினர். இதய வால்வு ஓராண்டில் ஏறத்தாழ நான்கு கோடி முறை திறந்து மூடுகிறது. தேய்ந்தாலும் உடைந்தாலும் உயிர் போயிற்று. முதல் மூன்று வடிவங்களும் தோல்வியுற்றன. நான்காவது வடிவம் வென்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வின் விலையைக் கேட்டே வீடு திரும்பிய ஏழைகளுக்கு அது மறுவாழ்வு. மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தமையாலன்றோ மூன்று தோல்விகளையும் தாங்கிக்கொள்ள முடிந்தது! இப்படிப்புக்கு இன்றியமையாதது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே இப்பட்டத்தில் சேர விழையும் மாணவர்க்கு என் கருத்து இது. கல்லூரியின் கட்டடத்தையும் பேருந்தையும் பார்க்காதீர்கள். ‘எந்த மருத்துவமனையோடு உங்களுக்குத் தொடர்பு? எத்தனையாவது பருவத்தில் எங்களை அங்கே அனுப்புவீர்கள்? ஆய்வகத்திலுள்ள டிஃபிபிரிலேட்டரை மாணவர் திறந்து பார்க்கலாமா, கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று வணங்கிவிட்டு வரவேண்டுமா?’ என்று கேளுங்கள். விடை மழுப்பலாக இருந்தால், நல்லதொரு கல்லூரியில் மின்னணுவியல் பயின்றுவிட்டுப் பின்னர் வருவதே மேல். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, மேற்சொன்ன திருவனந்தபுரம் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து நடத்திவரும் மருத்துவமனைப் பொறியியல் முதுகலைப் படிப்பு அத்தகையோர்க்கும் இடமளிப்பதே.

வேலைவாய்ப்பைப் பற்றியும் மிகைப்படுத்தலாகாது. தொடக்க ஊதியம் கணினி நிறுவனங்கள் தருவதைவிடக் குறைவாகவே இருப்பதுண்டு. பயின்றோருள் ஒரு சாரார் கருவி விற்பனைக்கும், ஒரு சாரார் கணினித் துறைக்கும் சென்றுவிடுகின்றனர் என்பது கண்கூடு. ஆயினும் காற்று திசை மாறத் தொடங்கியிருக்கிறது. 2017-இல் வகுக்கப்பட்ட மருத்துவக் கருவி விதிகள் 2018 முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துக்குரிய சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. தரச்சோதனைக்கும் ஆவணப்படுத்தலுக்கும் இத்துறை அறிந்தோர் தேவைப்படுகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா திட்டமிடப்பட்டது. கேட் தேர்வில் 2020 முதல் இத்துறைக்கெனத் தனித்தாள் உண்டு. முன்பெல்லாம் இம்மாணவர்கள் பிற துறைத் தாளை எழுதியே முதுகலைக்குச் செல்ல வேண்டியிருந்தது.

நம் பெண்மக்கள் இப்படிப்பை நாடி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ‘பெண்ணுக்குப் பாதுகாப்பான படிப்பு’ என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, பயிற்சிக்காக மருத்துவமனையில் இரவுப் பணி என்றதும் தடுத்துவிடும் பெற்றோரை என்னென்பது? வெண்டிலேட்டர் பகலில் மட்டுமா பழுதாகும்? பாதியில் நிறுத்தும் அனுமதியைத் தொடக்கத்திலேயே கொடுக்காதிருப்பது எவ்வளவோ நேர்மையானது. முழு அனுமதி கொடுப்பது அதனினும் நேர்மையானது.

தமிழ்த்துறை மலரில் பொறியியலுக்கு என்ன இடம் என்று வினவுவோர்க்கு ஒன்று சொல்வேன். கருவியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் வருகிறது. அதனை இயக்கும் செவிலியர் தமிழில் சிந்திக்கிறார். எச்சரிக்கை ஒலி எழும்போது எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எதனை ஒருபோதும் தொடக்கூடாது என்பதை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கருவியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தால் எத்தனை பிழைகள் தவிர்க்கப்படும்! பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து செய்யத்தக்க பணி இது. கலைச்சொல் மாநாடுகள் பல கண்டுவிட்டோம். கட்டிலருகே பயன்படும் தாளொன்றைக் கண்டிலோம்.

இறுதியாகச் சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேடைகளில் அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவியைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். பத்தாம் நூற்றாண்டில் குர்துபா மண்ணில் வாழ்ந்து, ஏறத்தாழ இருநூறு அறுவைக் கருவிகளை வடிவத்தோடு வரைந்து வைத்த பெருமகனார் அவர். மருத்துவரே கருவியாக்கத்திலும் கருத்துச் செலுத்திய அந்த மரபைப் போற்றும் நாம், உதவித்தொகை என்று வரும்போது எம்.பி.பி.எஸ். மாணவனை மட்டுமே தேடுகிறோம். நம் ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் ஒருசில இடங்களையாவது இத்துறை மாணவர்க்கு ஒதுக்கலாகாதா? சமுதாயம் நடத்தும் மருத்துவமனைகள் முறையாகப் பயின்ற ஒரு பொறியாளரைப் பணியில் அமர்த்தி, அவருக்குக் கீழ்த்தளத்து மூலையை ஒதுக்காமல் மருத்துவக் கண்காணிப்பாளரின் அறைக்கருகே ஓர் இருக்கை அளிக்கலாகாதா? டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தருவோர் நம்மில் பலர். அதனருகே பெயர் பொறித்த பளிங்குக்கல்லும் பளபளக்கிறது. இனி இயந்திரத்தோடு ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும், அதனைப் பேணும் பொறியாளரின் ஊதியத்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தருவோர் உளராயின், அவர்தம் பெயரைப் பளிங்கில் சற்றுப் பெரிய எழுத்தில் பொறிப்பதில் எவர்க்கும் மறுப்பிராது.